நெஞ்சுச் சளியும் மூன்று வார இருமலும்: வீட்டிலிருந்தே தேறும் வழி

மருத்துவர் நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "நிமோனியா இல்லை, மூச்சுக்குழாய் அழற்சிதான். வீட்டில் ஓய்வெடுங்கள், தானாகவே சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். சீட்டில் காய்ச்சல் மாத்திரையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஐந்து நாள் ஆகிறது, ஏழு நாள் ஆகிறது, பத்தாம் நாளும் வந்துவிடுகிறது. காய்ச்சல் போய்விட்டது, இருமல் மட்டும் விட்டபாடில்லை. பார்க்கிறவர்களெல்லாம் "இன்னுமா இருமுகிறாய்?" என்று கேட்கிறார்கள். மருத்துவர் எதையோ கவனிக்கத் தவறிவிட்டாரோ என்ற பயம் மெல்லத் தலைதூக்குகிறது.

இந்த நோய் முதன்முறையாக வந்திருப்பவர்களுக்காகவும், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மற்ற எதை மறந்தாலும் ஓர் எண்ணை மட்டும் மறக்க வேண்டாம்: 18. திடீர் மூச்சுக்குழாய் அழற்சியில் இருமல் சராசரியாக நீடிப்பது ஏறத்தாழ 18 நாள்கள். ஆனால், ஒரு வாரத்தில் இருமல் நின்றுவிட வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். இந்த எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் நடுவே உள்ள பத்துப் பதினோரு நாள்களில்தான் தேவையற்ற மருந்துகள் உள்ளே போகின்றன, ஒரு மருத்துவரை விட்டு இன்னொருவரைத் தேடுவது நடக்கிறது, ஒரே நேரத்தில் மூன்று சிரப்புகள் மேசையில் சேர்கின்றன. இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. உண்மையான ஆபத்துக்குறி தெரியும்போது "இதுவும் அதே சளிதான்" என்று ஒதுக்கிவிடுவது. இரண்டையும் தவிர்க்க நாள்கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளை எடுத்து, நோய் தொடங்கிய நாளின் தேதியை எழுதுவது. மருத்துவரைப் பார்த்த தேதி அல்ல, தொண்டை கரகரத்த அல்லது உடம்பு வலித்த அந்த முதல் நாள். அதற்குக் கீழே தினமும் காலை, மாலை காய்ச்சல் அளவு, எடுத்துக்கொண்ட மாத்திரை, அதை எடுத்த நேரம், இரவுத் தூக்கம் எப்படி என்று ஒரு வரி. இரண்டு நிமிட வேலைதான். ஆனால், காய்ச்சலில் கனத்த தலையோடு "நேற்று மாத்திரை போட்டேனா, முந்தாநாளா?" என்று தடுமாறும்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து, பிறகு மரக்கிளைபோல மேலும் மேலும் பிரிந்து நுரையீரலுக்குள் செல்கிறது. அந்தக் கிளைகளின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியில் ஒட்டவைத்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வைரஸ் தாக்கும்போது இந்த உட்சுவர் வீங்குகிறது, சளி அதிகமாகச் சுரக்கிறது, இழைகளைத் தாங்கும் செல்கள் பல இடங்களில் உதிர்ந்தும் விடுகின்றன. தள்ளுவதற்கு இழை இல்லாத இடத்தில் சளி தேங்குகிறது. அதை வெளியேற்ற உடலுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி இருமல்தான்.

உடல் வைரஸை ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடக்கிவிடுகிறது. உதிர்ந்த சுவர் மறுபடி வளரத்தான் வாரக்கணக்கில் ஆகிறது. அதுவரை அந்தச் சுவர், தோல் உரிந்த புண்போல எதற்கும் கூசும். குளிர்ந்த காற்று பட்டாலும், வாய்விட்டுச் சிரித்தாலும், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாலும் இருமல் வரும். இரண்டாம் வாரத்து இருமலைப் பெரும்பாலும் புண் ஆறுகிற இருமல் என்றே கொள்ளலாம்.

நோய்க்குக் காரணம் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வைரஸ்தான்: ஃப்ளூ எனப்படும் இன்ஃபுளுயன்சா, ரைனோ வைரஸ், கொரோனா வைரஸ் வகைகள், ஆர்.எஸ்.வி. என்ற சுவாசத்தொற்று வைரஸ் போன்றவை. சளியின் நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் மிக அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளும் பச்சையும் பாக்டீரியாவின் அடையாளம் அல்ல. கிருமியோடு போராட வந்த வெள்ளை அணுக்களுக்குள் ஒரு பச்சை நிற நொதி இருக்கிறது. அந்த அணுக்கள் சளியில் சேரச் சேர நிறம் ஏறுகிறது. வைரஸ் தொற்றிலும் இது அப்படியே நடக்கும். நிறத்தை மட்டும் வைத்து மருந்தைத் தீர்மானிக்க முடியாது.

வீட்டில் இருக்கலாமா என்று பார்ப்பது

எல்லோருக்கும் வீட்டு ஓய்வு போதாது. 65 வயதைத் தாண்டியவர்கள், கருவுற்றிருப்பவர்கள், ஆஸ்துமா அல்லது நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையாலோ ஸ்டீராய்டு போன்ற மருந்துகளாலோ நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோர் தொடக்கத்திலேயே தங்கள் மருத்துவருடன் பேசிவிட வேண்டும். கைக்குழந்தைகளுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. இரண்டு வயதுக்குக் கீழே வருவது பெரும்பாலும் சிறு மூச்சுக்குழல்களைத் தாக்கும் வேறொரு நோய். அதற்கான கவனிப்பும் வேறு.

மற்றவர்கள் தினமும் ஒருமுறை மூச்சை எண்ணிப் பாருங்கள். நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, அவருக்குச் சொல்லாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சின் வேகம் தானாகவே மாறிவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24-ஐத் தாண்டினாலோ, ஓய்விலேயே நாடித்துடிப்பு 100-க்கு மேல் இருந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் நீடித்தாலோ நிமோனியாவா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். இந்த மூன்றும் இயல்பாக இருந்து, நெஞ்சில் மாறுபட்ட சத்தமும் கேட்கவில்லை என்றால் நிமோனியாவாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மருத்துவர் எக்ஸ்-ரே எழுதாமல் அனுப்பியதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆனால், முதியவர்களிடம் இந்தக் கணக்கு ஏமாற்றும். அவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் நிமோனியா வரலாம். சாப்பாட்டில் நாட்டம் போவதும் திடீர்க் குழப்பமும்தான் முதல் அறிகுறியாக இருக்கும்.

இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரல்நுனியில் அளந்து காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தவறாகும். கருமையான தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், எண்ணைவிட நோயாளியின் மூச்சுத் திணறலையே நம்புங்கள். 95-உம் அதற்கு மேலும் இயல்பு. 93, 94 என்று நின்றால் மருத்துவரை அழையுங்கள். 92 அல்லது அதற்கும் கீழே என்றால் காத்திருக்கக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இயல்பான அளவே குறைவாக இருக்கலாம். அவர்களுக்கான எல்லையை அவர்களுடைய மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நான்கைந்து நாள்கள்

இந்த நாள்களில் உடம்பு கேட்பது ஓய்வும் தண்ணீரும்தான். காய்ச்சலிலும் வேகமான மூச்சிலும் உடல் நீரை இழக்கிறது. தண்ணீரோ, வெதுவெதுப்பான வேறு எந்தப் பானமோ, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் குடித்துக்கொண்டே இருங்கள். லிட்டர் கணக்கு வேண்டியதில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பார்த்தால் போதும். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், மருத்துவர் விதித்த நீர் அளவைத் தாண்டக் கூடாது. பசி இல்லையென்றால் வற்புறுத்திச் சாப்பிட வேண்டாம், இரண்டு மூன்று நாளில் தானாகத் திரும்பும்.

காய்ச்சலுக்கும் உடல் வலிக்கும் பாராசிட்டமால் போதும். பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு, குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில் எடுக்கலாம். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டவே கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள், தொடர்ந்து மது அருந்துபவர்கள், 50 கிலோவுக்குக் குறைவான எடை உள்ளவர்கள் ஆகியோருக்கு உச்ச அளவு இன்னும் குறைவு, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு வயதைவிட எடையை வைத்தே அளவு கணக்கிடப்படுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சளி, காய்ச்சல், தலைவலி எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை என்று விற்கப்படும் கலவைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது. காலையில் அந்தக் கலவை, மதியம் தனி மாத்திரை, இரவில் ஒரு சிரப் என்று எடுத்தால் ஒரே மருந்து மூன்று பெயர்களில் உள்ளே போகும். கல்லீரலைப் பாதிக்கும் அளவை யாரும் வேண்டுமென்று தொடுவதில்லை, இப்படித்தான் தொட்டுவிடுகிறார்கள். அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பொதுப்பெயரைப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் மருந்தாளரிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்யூபுரூஃபன் என்ற வலி மாத்திரை வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் உகந்ததல்ல. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது இழுப்பைத் தூண்டும். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி என்ற அரிதான, கொடிய பாதிப்பு அதனால் வரலாம்.

இருமலோடு வாழ்வது

இருமலை முற்றிலும் அடக்க முயல வேண்டாம். சளியை வெளியே தள்ளும் வேலையை அது செய்துகொண்டிருக்கிறது. நம் வேலை, அது வீணாக உடம்பை அலைக்கழிக்காமல், வரும்போது பயனோடு வரும்படி பார்த்துக்கொள்வது.

நெஞ்சில் கோழை கட்டி, இருமி இருமியும் வராதபோது இப்படிச் செய்யுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். நாலைந்து முறை சாதாரணமாக, வயிறு எழும்பும்படி மூச்சு விடுங்கள். பிறகு மூக்கின் வழியாக மெதுவாக, ஆழமாக இழுத்து, இரண்டு மூன்று விநாடி நிறுத்துங்கள். இப்போது வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படியும்படி ஊதுவதுபோல, "ஹா" என்று வேகமாகக் காற்றை வெளியே விடுங்கள். தொண்டையை இறுக்காமல், வயிற்றுத் தசையால் தள்ள வேண்டும். இரண்டு முறை இப்படிச் செய்தால் சளி மேலே நகர்ந்திருக்கும். அப்போது ஒரே ஒரு இருமல் இருமினால் வந்துவிடும். வரவில்லையென்றால் ஒரு நிமிடம் சாதாரண மூச்சு, பிறகு மறுபடியும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். காலையில் எழுந்ததும் ஒருமுறை, படுக்கப்போகும் முன் ஒருமுறை இதைச் செய்தால் இரவுத் தூக்கம் கலைவது குறையும். எனக்கு இந்த நோய் வந்தபோது, கணக்கில்லாமல் இருமி ஓய்ந்த நெஞ்சுக்கு எந்த சிரப்பையும்விட இந்த "ஹா"தான் உதவியது.

வறட்டு இருமலுக்கு இது வேண்டாம். சளியே இல்லாமல் தொண்டை நமைச்சலால் மட்டும் வரும் இருமல், இருமினால் இன்னும் கூடும். நமைச்சல் எழும்போது வாயை மூடி எச்சிலை விழுங்குங்கள், அல்லது ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். பின் மூக்கின் வழியாகச் சின்னச் சின்ன மூச்சாக, மெதுவாக விடுங்கள். அரை நிமிடம் தாக்குப்பிடித்தால் உந்துதல் அடங்கிவிடும். முதல் நாள் முடியாது. நாலைந்து நாள் பழகினால் வரும்.

படுக்கும் முன் ஒன்றிரண்டு தேக்கரண்டி தேன், அப்படியே அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து எடுத்துக்கொள்வது இரவு இருமலைத் தணிக்கும். குறிப்பாகக் குழந்தைகளிடம் இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அவர்களுக்கு அரை முதல் ஒரு தேக்கரண்டி போதும். ஆனால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் விதை, அந்த வயதுக் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். நீரிழிவு உள்ளவர்கள் தேனையும், சர்க்கரை கலந்த சிரப்பையும் தங்கள் அன்றாடக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிரப்புகளைப் பற்றி நேராகவே சொல்கிறேன். இவற்றால் நோய் ஒரு நாள்கூடச் சீக்கிரம் போவதில்லை. சிலருக்கு இரவில் கொஞ்சம் நிம்மதி தரலாம், அவ்வளவுதான். இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெதார்பன் உள்ள மருந்தை, மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. மூக்கடைப்பு நீக்கும் மருந்து கலந்தவை இரத்த அழுத்தத்தை ஏற்றும். தூக்கம் வரவழைப்பவற்றைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கடையில் வாங்கும் இருமல் மருந்து எதுவும் வேண்டாம். கோடீன் என்ற அபின் வகை மருந்து கலந்தது 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கூடவே கூடாது.

இரவில் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுங்கள். ஒரு தலையணையை மட்டும் கழுத்துக்கு அடியில் திணித்தால் கழுத்துதான் வலிக்கும். தோளும் முதுகின் மேற்பகுதியும் சேர்ந்து உயர வேண்டும். விலா எலும்பு வலித்தால், இருமல் வரும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொள்ளுங்கள். பாதி வலி குறையும். இருமும்போது சில துளி சிறுநீர் கசிவது, குறிப்பாகப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு, மிகச் சாதாரணம். வெளியே சொல்லக் கூசி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் பலர். அப்படிச் செய்யாதீர்கள். இருமல் நின்றதும் பெரும்பாலும் சரியாகிவிடும். கசிவு நிற்காவிட்டால் அதற்கும் எளிய பயிற்சிகள் இருக்கின்றன.

ஆவி பிடிப்பதைப் பற்றி: சிலருக்கு இதமாக இருக்கும், ஆனால் நோயைக் குறைப்பதாகச் சான்று இல்லை. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிந்து, அது கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோன விபத்துகள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, மருத்துவமனைகளுக்கு நன்கு தெரிந்தவை. கதவைச் சாத்திய குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஈரக்காற்றில் பத்து நிமிடம் இருந்தால் அதே இதம் ஆபத்தில்லாமல் கிடைக்கும்.

ஆன்டிபயாடிக் ஏன் எழுதவில்லை

ஏனென்றால், ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. மூச்சுக்குழாய் அழற்சியில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், எடுத்தவர்களுக்கு இருமல் குறைந்தது ஏறத்தாழ அரை நாள். 18 நாளில் அரை நாள். அதற்கு விலையாக வயிற்றுப்போக்கு, குமட்டல், தோல் தடிப்பு, அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை.

வீட்டு அலமாரியில் போன தடவை மிச்சம் வைத்த நாலு மாத்திரை இருக்கும். அதை எடுத்துப் போட்டுக்கொள்ளும் கைக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார். தொண்டை வலிக்குத் தானாக வாங்கிப் போதாத அளவில் மருந்து எடுக்கும் ஒருவர், கிருமியைக் கொல்லாமல் அதற்கு எதிர்க்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறார். பிறகு அந்தக் கிருமி அவருடைய வீட்டில் இன்னொருவரைத் தொற்றும்போது மருந்து பலிப்பதில்லை என்று ஓர் எடுத்துக்காட்டாகவே விளக்கினார். மிச்ச மாத்திரையை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

ஆன்டிபயாடிக் தேவைப்படும் நேரங்களும் உண்டு: நிமோனியா, கக்குவான் இருமல், நாள்பட்ட நுரையீரல் நோய் திடீரென முற்றுவது. மருத்துவர் பார்த்து எழுதினால் தயங்காமல் சொன்னபடி எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூ என்று உறுதியானால், ஆபத்துப் பிரிவில் இருப்பவர்களுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து உண்டு. அது முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பலன் தரும். இன்ஹேலர், நெபுலைசர் ஆகியவை மூச்சில் விசில்போன்ற சத்தமும் இழுப்பும் இருப்பவர்களுக்கு மட்டுமே உதவும். ஆஸ்துமா இல்லாத பெரியவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை இந்த இருமலைக் குறைப்பதில்லை என்பது 2017-இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்தது என்பதற்காக அவருடைய இன்ஹேலரை வாங்கி இழுக்க வேண்டாம்.

புகை

குணமாவதைத் தள்ளிப்போடும் காரணங்களில், நம் கையில் இருப்பது இது ஒன்றுதான். சிகரெட் புகை அந்த நுண்ணிழைகளை முடக்கிப்போடுகிறது. வளர்ந்துவரும் செல்லை மறுபடி சுடுகிறது. புகைப்பவர்கள் இந்த மூன்று வாரமாவது முழுமையாக நிறுத்துங்கள். நெஞ்சே வேண்டாம் என்று சொல்லும் இந்த நாள்கள், பலருக்கு நிரந்தரமாக விட்டுவிடும் தொடக்கமாக அமைந்திருக்கின்றன. வீட்டில் மற்றவர்கள் புகைத்தாலும் அதே தீங்குதான். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே புகைப்பதால் பயனில்லை. அடுப்புப் புகை, குப்பை எரியும் புகை, கடும் வாசனைத் தெளிப்பான், தரை துடைக்கும் நெடிமிக்க திரவம் எதுவானாலும், புண்பட்ட சுவருக்கு எல்லாம் ஒன்றே.

வீட்டில் மற்றவர்களுக்கு

முதல் சில நாள்களில்தான் தொற்று அதிகம். முழங்கையின் மடிப்பில் இருமுவது, சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுவது, அறையில் காற்றோட்டம், கைக்குழந்தையிடமும் முதியவரிடமும் நெருங்கும்போது முகக்கவசம். மருந்து எடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமலிருந்து, உடம்பும் தேறி வந்தால் வேலைக்கோ பள்ளிக்கோ திரும்பலாம். இருமல் முழுவதும் நிற்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டாம், மூன்றாம் வாரம்

பொறுமை சோதிக்கப்படும் காலம் இது. நோய் நேர்க்கோட்டில் இறங்குவதில்லை. இரண்டு நாள் நன்றாக இருந்து, மூன்றாம் நாள் இரவு மறுபடி இருமலில் கழியும். ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடாமல், இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். தாளில் எழுதிய வரிகளைப் பார்த்தால் இறக்கம் தெரியும்.

நடை முதல் வாரக் கடைசியிலேயே தொடங்கலாம், பேச்சு தடைப்படாத வேகத்தில், பத்து நிமிடம். அடுத்த நாள் களைப்பு கூடவில்லையென்றால் இன்னும் ஐந்து நிமிடம். ஓட்டம், எடை தூக்குதல், நீச்சல் எல்லாம் காய்ச்சல் முற்றிலும் போய், படியேறினால் மூச்சு வாங்காத பிறகு. காய்ச்சலோடு வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி செய்து நோயை விரட்டுவது என்ற எண்ணம் தவறு. இதயத் தசைக்கே அது ஆபத்தாகலாம்.

உடனே கிளம்ப வேண்டிய குறிகள்

ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறல். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடியாமை. உதடோ நகமோ நீலம் பாய்வது. புதிதாக வந்த குழப்பம் அல்லது எழுப்ப முடியாத மயக்கத் தூக்கம். நெஞ்சை அழுத்தும் வலி. கணிசமாக இரத்தம் கக்குவது. இவற்றுக்கு மருத்துவருக்குச் செய்தி அனுப்பிக் காத்திருப்பது முறையல்ல. நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குழந்தைகளிடம் விலாவுக்கு இடையே சதை உள்ளிழுப்பதும், பாலோ தண்ணீரோ குடிக்க மறுப்பதும் இதே வரிசையில் சேரும்.

அன்றைக்கோ மறுநாளோ மருத்துவரைப் பார்க்க வேண்டியவை வேறு: மூன்று நாளைத் தாண்டியும் குறையாத காய்ச்சல், மூச்சை இழுக்கும்போது ஒரு பக்கத்தில் குத்தும் வலி, சளியில் இரத்தக் கீற்று, மூச்சில் விசில் சத்தம். இவற்றோடு, பலர் தவறவிடும் குறி ஒன்று இருக்கிறது. காய்ச்சல் போய், உடம்பு தேறி, ஐந்தாறு நாள் கழித்துத் திடீரென மீண்டும் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்புவது. வைரஸ் புண்ணாக்கிவிட்டுப் போன நுரையீரலில் பாக்டீரியா குடியேறியிருக்கலாம். "முன்பு வந்ததுதான் திரும்பியிருக்கிறது" என்று பொறுத்திருக்க வேண்டாம்.

மூன்று வாரம் தாண்டினால்

தாளில் எழுதிய முதல் தேதியிலிருந்து 21 நாள் கடந்தும் இருமல் குறையாமல் அப்படியே இருந்தால் மறுபடி போக வேண்டும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தாலோ, காசநோய் பரவலாக உள்ள இடத்தில் இருந்தாலோ, இரண்டு வாரத்திலேயே சளிப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். சரமாரியாக இருமி, முடிவில் வாந்தியோ, "ஹூப்" என்று மூச்சை உள்ளிழுக்கும் ஒலியோ வந்தால் கக்குவான் இருமலாக இருக்கலாம்; அது பெரியவர்களுக்கும் வரும். மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடியும் சளி, இதுவரை தெரியாமல் இருந்த ஆஸ்துமா, நெஞ்செரிச்சல் ஆகியவையும் இருமலை நீட்டிக்கும். இரத்த அழுத்தத்துக்கு எனாலபிரில், ராமிபிரில், லிசினோபிரில் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த மருந்தே வறட்டு இருமலைத் தரக்கூடும். நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். நெடுங்காலம் புகைத்தவர்கள் நெஞ்சு எக்ஸ்-ரேயைத் தள்ளிப்போடக் கூடாது.

போகும்போது அந்தத் தாளையும், வீட்டில் எடுத்துக்கொண்ட எல்லா மருந்துகளின் அட்டைகளையும் குப்பிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் உட்பட. உள்ளே நுழைந்ததும் "ரொம்ப நாளாக இருமல்" என்று தொடங்காமல், "இன்ன தேதியில் தொடங்கியது, இத்தனையாவது நாள் காய்ச்சல் நின்றது, இன்று இத்தனையாவது நாள்" என்று சொல்லிவிட்டுத் தாளை மேசைமேல் வையுங்கள்.